ஊர் கிரிக்கெட் டோர்னமென்ட்டைப் புகையும் குப்பையும் குறைத்து நடத்துவது எப்படி?

பசுமை டோர்னமென்ட் நடத்தப் போகிறோம் என்றாலே நம் பையன்களுக்கு முதலில் தோன்றுவது, பரிசளிப்பு அன்று சிறப்பு விருந்தினர் கையால் ஒரு மரக்கன்று நடுவதுதான். ஐபிஎல்லே அப்படித்தானே செய்தது? 2023 பிளேஆப் ஆட்டங்களில் ஒவ்வொரு டாட் பாலுக்கும், அதாவது ரன் எடுக்காத பந்துக்கும், 500 மரக்கன்று என்று அறிவித்து, டிவி ஸ்கோரில் புள்ளி வரவேண்டிய இடத்தில் பச்சை மரம் காட்டினார்கள். மரம் நடுவதில் தப்பில்லை, அதற்குக் கடைசியில் வருவோம். ஆனால் ஒரு டோர்னமென்ட் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், எவ்வளவு குப்பை போடும் என்பது பெரும்பாலும் பிக்ஸ்சர் (யார் யாரோடு, என்றைக்கு ஆடுவது என்ற அட்டவணை) போடுகிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. அதனால் அங்கேயே தொடங்குங்கள்.

16 டீம், நாக் அவுட் (தோற்றால் வெளியே) என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை. முதல் சுற்றுக்கு 16 டீம் வரும், அடுத்ததற்கு 8, அப்புறம் 4, இறுதிக்கு 2. ஆக மொத்தம் 30 டீம் பயணம், அதுவும் பாதிப் பேர் ஒரு மேட்ச் ஆடித் தோற்றுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பும் பயணம். இதையே நான்கு நான்கு டீமாகப் பிரியுங்கள், குலுக்கல் போட்டு அல்ல, திசை பார்த்து: கிழக்குப் பக்கத்து ஊர்கள் ஒரு பிரிவு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிரிவு என்று. ஒரு பிரிவின் ஆறு ஆட்டங்களையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். நான்கு பிரிவிலும் வென்றவர்கள் கடைசி நாள் வந்து அரையிறுதி, இறுதி இரண்டையும் ஆடிவிட்டால் பயணம் 20தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. ஒரு டீமுக்கு ஆறு பைக் என்று போட்டு, உங்கள் ஊர் தூரத்தை வைத்து நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் எல்லா டீமுக்கும் மூன்று மேட்ச் கிடைப்பதால் என்ட்ரி பீஸ் கொஞ்சம் கூட்டினாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஒரே நாளில் ஆறு ஆட்டம் என்றால் ஆறு ஓவர் மேட்ச்தான் சரி, ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். காலை 6 மணிக்கு ஆரம்பித்து 10க்குள் நான்கு, சாயங்காலம் 4 மணிக்கு மேல் இரண்டு. நடுவெயிலில் வேண்டவே வேண்டாம். 2019இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னால் தொடங்கினார்கள், அப்படியும் 68 பேரில் 28 பேரால் ஓடி முடிக்க முடியவில்லை. நம் சித்திரை வெயிலில் மதியம் ஒரு மணிக்கு பீல்டிங் நிற்கச் சொல்வது வீரம் கிடையாது. முடிந்தால் டோர்னமென்ட்டையே மே விடுமுறையிலிருந்து தை, மாசிக்கு நகர்த்துங்கள். நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் டீம்கள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் பயணக் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும், அதனால் மதியச் சாப்பாட்டை நீங்களே போட்டுவிடுங்கள். மரத்தடியோ பள்ளிக்கூட வராந்தாவோ ஏற்பாடு செய்து கொடுத்தால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துவிடுவார்கள்.

இரவு ஆட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களா? வாடகை ஜெனரேட்டர் மணிக்கு இரண்டு லிட்டர் டீசல் குடித்தாலே எட்டு மணி நேரத்துக்கு 16 லிட்டர், அதாவது 40 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு, ஸ்கோர் எழுதுகிறவர் மூக்கில் போகும் புகை தனி. மின்வாரிய அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், லைட் செட்காரரிடம் எல்இடிதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை, இது எல்லோருக்கும் தெரியும். பாக்கெட் போய்விட்டது என்று பேப்பர் கப்புக்கு மாறியவர்கள்தான் அதிகம். உள்ளே பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப்பும் அதே தடைப் பட்டியலில் இருக்கிறது, தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் கொடியும்கூட. 20 லிட்டர் கேனில் பிரச்சினை இல்லை, அது திரும்பக் கடைக்குப் போய் நிரம்பி வரும். கப்பை மட்டும் ஒழித்தால் போதும். பாத்திர வாடகைக் கடையில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இரண்டும் டம்ளர் நூறும் எடுங்கள். பக்கத்தில் இரண்டு அன்னக்கூடை, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். இதில் ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள்: கழுவ ஓர் ஆளைக் கூலி கொடுத்து உட்கார வையுங்கள். ‘அவரவர் கழுவி வைப்பார்கள்’ என்று நம்பினால் பத்து மணிக்கெல்லாம் யாராவது கடைக்கு ஓடி இரண்டு கட்டு பேப்பர் கப் வாங்கி வந்துவிடுவார்கள், அப்புறம் சாயங்காலம் பவுண்டரி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும்.

சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுக்காமல் உட்கார வைத்து வாழை இலையில் போடுங்கள். மிச்சம் மாட்டுக்கு, இலை எருக்குழிக்கு. இங்கிலாந்தில் பாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் என்று ஒரு சிற்றூர்க் கால்பந்து கிளப் இருக்கிறது. மைதானத்தில் இறைச்சி, பால் எதுவும் கிடையாது, 2018இல் ஐநா அதைக் கார்பன் சமநிலை (வெளிவிடும் கார்பனைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டுவது) அடைந்த கிளப் என்று சான்று கொடுத்து அங்கீகரித்தது. பிரமாதம்தான், ஆனால் பிரியாணி இல்லாத இறுதிப் போட்டியை இங்கே நான் சிபாரிசு செய்ய மாட்டேன், டீம் வராது. மட்டனுக்குப் பதில் சிக்கன் போடுங்கள். ஆடு அசைபோடும் பிராணி, அதன் வயிற்றிலிருந்து மீத்தேன் வரும், கோழிக்கு அது கிடையாது. செலவும் பாதியாகும்.

பிளெக்ஸ்தான் பெரிய தலைவலி, ஏனென்றால் ஸ்பான்சர் பணம் கொடுப்பதே அதில் முகம் தெரிவதற்காக. பிவிசி துணி அது, எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்காது. ஸ்பான்சரிடம் நேராகப் பேசுங்கள்: ஒரு வாரம் நிற்கிற பிளெக்ஸுக்குப் பதில், மைதானச் சுவரிலோ நிரந்தர ஸ்கோர் போர்டிலோ உங்கள் கடைப் பெயரைப் பெயிண்டில் எழுதுகிறோம், வருஷம் முழுக்க இருக்கும் என்று சொன்னால் கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துச் சம்மதிப்பார். கட்சிக்காரர் சம்மதிப்பது கஷ்டம். அவருக்கு ஒன்றே ஒன்று வைத்துவிட்டு, முடிந்ததும் கழற்றி ஆடுகளத்தை மூடும் தார்ப்பாயாக வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நீண்டால் பெரிய பெயர்களை இழுக்கலாம்: ஆஸ்திரேலிய கேப்டன் பேட் கம்மின்ஸ் ‘கிரிக்கெட் பார் கிளைமேட்’ என்று ஓர் அமைப்பே தொடங்கிக் கிளப் கட்டடங்களின் கூரையில் சோலார் போட வைக்கிறார். ஐநாவின் விளையாட்டுக் காலநிலை உடன்பாட்டில் சேர்ந்த அமைப்புகள் 2030க்குள் புகையைப் பாதியாகக் குறைப்பதாகச் சொல்லியிருக்கின்றன.

ஜெர்சியில் வருஷத்தையும் டோர்னமென்ட் பெயரையும் அச்சடிக்காதீர்கள், அடுத்த வருஷமும் போடலாம். ஆட்ட நாயகனுக்கு பைபர் ஷீல்டு வேண்டாம், ஏற்கனவே பரண் நிறைய கிடக்கிறது. ஒரு ஜோடி கிளவுஸோ பேட்டோ கொடுங்கள். முதல் பரிசுக்குப் பழைய மாதிரி சுழற்கோப்பை வையுங்கள், அடிப்பலகையில் வருஷா வருஷம் ஜெயித்த டீமின் பெயரைப் பொறித்து அடுத்த வருஷம் திருப்பி வாங்குங்கள். அந்தப் பெயர்ப் பட்டியலுக்காகவே டீம்கள் மல்லுக்கட்டும்.

சரி, மரக்கன்று. மே மாதம் இறுதிப் போட்டியன்று நட்டால் ஜூனில் குச்சிதான் நிற்கும். புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால், மைதானத்தின் மேற்குப் பக்கம் புங்கனும் வேம்பும் நடுங்கள். சாயங்கால ஆட்டத்தின்போது டீம் உட்காரும் இடத்தில் நிழல் விழ வேண்டும், இடத்தை அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து கன்று போதும், ஆனால் முள்வேலியும் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளும் இருக்க வேண்டும்.

கடைசியாக டெபாசிட். என்ட்ரி பீஸோடு டீமுக்கு 200 ரூபாய் தனியாக வாங்கி வையுங்கள். கிளம்பும்போது அவர்கள் உட்கார்ந்த இடம் சுத்தமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் கழுவ உட்கார்ந்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். இந்த விதியை பிக்ஸ்சர் தாளிலேயே, நோ பால் விதிக்குக் கீழே எழுதிவிடுங்கள்.