பழைய குதிரை செத்துப்போன வருடத்தில் குட்டி பழக்குவது

போன வருடம் ஏப்ரலில் ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் குதிரையிலிருந்து விழுந்து தோள்பட்டையைப் பெயர்த்துக்கொண்டேன். குதிரை மேல் தப்பே இல்லை. 18 வருடம் நான் ஏறிய செவலைக் குதிரை பிஸ்கட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்டைக் கண்டதும் நான் ஒன்றும் சொல்லாமலே பக்கவாட்டில் ஒதுங்கி வந்து, கொண்டி என் வலது கைக்கு எட்டும்படி நின்றுவிடுவான். அவன் நவம்பரில் செத்துப்போனான். ஏப்ரலில் நான் ஏறியிருந்தது மூன்று வயதுக் குட்டி, அதுவரை 20 தடவைகூட அதன் முதுகில் உட்கார்ந்திருக்க மாட்டேன். கேட்டைப் பார்த்ததும் என் கை தானாக நீண்டது, உடம்பும் கூடவே சாய்ந்தது. குட்டி ஒதுங்கி வரவில்லை, அது ஏன் வரப்போகிறது? எடை ஒரு பக்கம் சரிந்ததில் மிரண்டு மறுபக்கம் தாவியது. அவ்வளவுதான்.

பிஸ்கட் செத்தது எனக்குத் தெரியும், என் கைக்கும் காலுக்கும் தெரியாது. குதிரையை இழந்த வருடத்தில் குட்டி பழக்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். அழுகை வந்தால் வரட்டும், அதனால் குட்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. பழைய குதிரையின் பதிலை எதிர்பார்த்தே பழகிய கை, புதிய குட்டியின் பதிலைத் தவறவிடும். அதுதான் ஆபத்து.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் மணற்குன்றுப் பகுதியில், மாமனாரின் மாட்டுப் பண்ணை. கண்ணுக்கு எட்டியவரை புல் மூடிய மணல்மேடு. எங்களுடையதெல்லாம் குவார்ட்டர் ஹார்ஸ் இனம், வேலைக் குதிரைகள். வருடத்துக்கு இரண்டு மூன்று குட்டி போடவைத்து நாங்களே பழக்குவோம்.

முதலில் சாவு நடக்கும் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு யோசிக்க மூளை இருக்காது. பிஸ்கட்டுக்கு 24 வயது. காலையில் தரையைக் காலால் சுரண்டிக்கொண்டு, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். வயிற்றுவலி. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை நாடி துடிக்கும், அவனுக்கு 80-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் வந்து பார்த்து, காம்போடு வளர்ந்த கொழுப்புக் கட்டி குடலைச் சுற்றி இறுக்கியிருக்கலாம் என்றார். வயதான குதிரைகளுக்கு இது வரக்கூடியதுதான். அறுவை சிகிச்சை என்றால் பல மணி நேரம் வண்டியில் ஏற்றிப் போக வேண்டும், அதை அவன் தாங்கமாட்டான். வலியில்லாமல் சாக ஊசி போடச் சொன்னேன்.

அந்த ஊசி மருந்து பெரும்பாலும் பென்டோபார்பிடால். அது செத்த உடலிலேயே தங்கும், தின்னுகிற நாய், நரி, கழுகு எல்லாவற்றையும் கொல்லும். அதனால் உடலை வெளியே போட்டுவிடக் கூடாது. எவ்வளவு ஆழம், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வயதான குதிரை வைத்திருப்பவர்கள் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மண் உறைந்த மாதத்தில் குழி தோண்டும் இயந்திரத்துக்கு அலைவது கொடுமை. புதைக்கும் முன் வாலிலிருந்து ஒரு கைப்பிடி மயிர் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேண்டாம் என்று தோன்றும், பிறகு கேட்டாலும் கிடைக்காது.

அப்புறம், மற்ற குதிரைகள் உடலைப் பார்க்கட்டும். பிஸ்கட்டோடு 12 வருடம் ஒரே மேய்ச்சலில் நின்ற பெட்டைக் குதிரை ஒன்று வந்து முகர்ந்து பார்த்தது, கழுத்தை ஒரு தடவை மூக்கால் தள்ளியது, கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றது, பிறகு புல் மேயப் போய்விட்டது. ஆனாலும் மூன்று நாள் வேலியோரம் நின்று கனைத்துக்கொண்டிருந்தது. தீனியும் தண்ணீரும் எடுக்கிறதா, சாணி ஒழுங்காக விழுகிறதா என்று அந்த நாட்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் வேறு துணை விட்டால் சீக்கிரம் தேறும்.

சரி, பழக்கும் வேலைக்கு வருவோம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், சேணத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி ஆரம்பிக்க முடியுமோ அவ்வளவு நல்லது என்பேன். எனக்கு இது தற்செயலாக அமைந்தது. எங்கள் குட்டிகள் மே மாதம் பிறக்கும், அக்டோபர் நவம்பரில், ஐந்தாறு மாதத்தில், தாயிடமிருந்து பிரிப்போம். பிஸ்கட் செத்த அதே வாரம் பட்டியில் மூன்று குட்டிகள் தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன. குதிரை ஏற மனமில்லை, ஆனால் இந்த மூன்றுக்கும் முகக்கயிறு போட்டுப் பழக்கியாக வேண்டும். பிஸ்கட் என்னிடம் வந்தபோது ஆறு வயது, அவனைக் குட்டியாக நான் பார்த்ததே இல்லை. அதனால் ஆறு மாதக் குட்டியின் பக்கத்தில் நிற்கும்போது ஒப்பிட எதுவும் இல்லை. கைக்குப் பழைய ஞாபகம் கிடையாத வேலை அது.

அந்த வேலை எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பின்னால் வரும் எல்லாம் இதிலிருந்துதான். குட்டிக்கு முகக்கயிற்றைப் போட்டுவிட்டு நேர் முன்னால் நின்று இழுக்காதீர்கள், இழுத்தால் பின்னால் சாய்ந்து மல்லுக்கு நிற்கும், சில குட்டி புரண்டு விழும். ஒரு பக்கமாக, தோளுக்கு நேராக நின்று, கயிற்றில் இரண்டு விரல் கனம் மட்டும் கொடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், காத்திருங்கள். முதலில் காது உங்கள் பக்கம் திரும்பும். பிறகு மூக்கு ஒரு அங்குலம் வரும். அந்த ஒரு அங்குலத்திலேயே கயிற்றைத் தொய்ய விட்டுவிட வேண்டும். கால் எடுத்து வைக்கட்டும் பிறகு விடலாம் என்று காத்திருந்தால் போயிற்று. அழுத்தத்தால் குட்டி எதையும் கற்பதில்லை, அழுத்தம் போன நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைத்தான் அது பிடித்துக்கொள்ளும். ஓரிகனில் பிறந்த டாம் டாரன்ஸும் (1910–2003) அவரிடம் கற்ற ரே ஹன்ட்டும் (1929–2009) மேற்கத்திய மாட்டுப் பண்ணைகளில் பரப்பிய வழியின் மையமே இதுதான். அதற்கு முன் பல இடங்களில் குட்டியைக் கட்டிப்போட்டு, அடக்கி, ‘உடைப்பது’ என்றே சொல்வார்கள்.

அந்த நொடி தாமதமாவதுதான் துக்கத்தின் அடையாளம். மனம் எங்கேயோ இருக்கும், மூக்கு திரும்பியதைக் கண் பார்க்கும், கை அரை நொடி கழித்து விடும். அதற்குள் குட்டி மூக்கை மறுபடி திருப்பியிருக்கும், ஆக நீங்கள் கற்றுக்கொடுத்தது திரும்பாதே என்று. என் கணக்கு இது: மூன்று தடவை தொடர்ந்து தாமதமாக விட்டேன் என்று எனக்கே தெரிந்தால், குட்டிக்கு ஏற்கெனவே தெரிந்த சுலபமான ஒன்றைக் கேட்டு, அது செய்ததும் தடவிக்கொடுத்து, கழற்றிவிட்டுவிடுவேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பரவாயில்லை, ஆறு மாதக் குட்டிக்குப் பத்து நிமிடமே தாராளம்.

உங்கள் பதற்றம் கயிறு வழியாகப் போகாது என்று நினைக்காதீர்கள். ஸ்வீடனில் செய்து 2009-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், குதிரையை நடத்திப் போகிறவர்களிடம், நாலாவது தடவை போகும்போது பக்கத்தில் ஒரு குடை படாரென்று விரியும் என்று சொல்லி வைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் அந்த நாலாவது நடையில் ஆளுக்கும் இதயத்துடிப்பு ஏறியது, குதிரைக்கும் ஏறியது.

குளிர்காலம் முழுவதும் இப்படித் தரைவேலை மட்டும். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யப் பழக்குவது, லாடக்காரர் வரும்போது நிற்கப் பழக்குவது, வண்டியில் ஏற்றி இறக்குவது. இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சேணம் போடும் வயதுக் குட்டிக்கு வரும்போது அவசரம் வரும். பழைய குதிரை பார்த்த வேலை அப்படியே கிடக்கிறது, அதை யாராவது பார்க்க வேண்டும் என்று தோன்றும். குதிரையின் முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் இடம், மூடவே இரண்டரை வயதுபோல் ஆகும், முதுகெலும்பில் உள்ளவை ஐந்தரை ஆறு வரை இழுக்கும். அதனால் நாங்கள் இரண்டு வயதில் சேணத்தைக் காட்டி, சில நாள் லேசாக ஏறி, மேய்ச்சலுக்கு விட்டுவிடுவோம். மூன்றில்தான் ஒழுங்கான வேலை, அதுவும் ஒரு நாளைக்கு 20, 25 நிமிடம்.

சேணத்துக்கு அடியில் போடும் கம்பளியை எடுத்தேன், அடிப்பக்கம் பூராவும் செவலை மயிர், வேர்வை காய்ந்து ஒட்டி, இன்னும் அவன் வாசனை. அரை மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை அப்படியே மாட்டி வைத்துவிட்டு குட்டிக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன், நீங்களும் அதைச் செய்யுங்கள். சேணமும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிஸ்கட்டுக்கு அகன்ற முதுகு, இந்தக் குட்டிக்குத் தோளுக்குப் பின்னால் மேடு கூர்மை. ஏறி இறங்கியதும் சேணத்தைக் கழற்றிப் பாருங்கள், முதுகு முழுக்க நனைந்து நடுவில் மட்டும் உள்ளங்கை அளவு உலர்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

முதல் தடவைகள் வட்டப் பட்டிக்குள், 60 அடி விட்டம் போதும். கம்பளியை இடப்பக்கம் உரசிப் பழக்கியது போதாது, வலப்பக்கமும் முதலிலிருந்து. ஏறுவதற்கு முன் ஒற்றை லகானில் தலையை இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள், அங்கவடியில் காலை வைத்து எடை கொடுத்து இறங்குங்கள், அதைப் பத்துத் தடவை. மிரண்டு ஓடினால் இரண்டு லகானையும் இழுக்கக் கூடாது, ஒன்றை மட்டும் உங்கள் தொடை வரை கொண்டுவந்து, நிற்கும்வரை பிடித்து, நின்றதும் விடுங்கள். மறுபடி சொல்கிறேன், நின்றதும்.

ஒப்பீடு வந்தே தீரும். பிஸ்கட் இப்படிச் செய்யமாட்டான், பிஸ்கட் என்றால் சொல்லவே வேண்டாம் என்று ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது மாமா தலையைத் தூக்காமலே சொன்னார்: “அந்த நாய் முதல் வருஷம் உன்னை ஏழு தடவை கீழே தள்ளிச்சு. நான்தான் எண்ணினேன்.” எனக்கு இரண்டுதான் ஞாபகம் இருந்தது. செத்த குதிரை நாளுக்கு நாள் நல்ல குதிரையாகிக்கொண்டே போகும், எந்தக் குட்டியும் அதோடு போட்டிபோட முடியாது. அதனால் ஒரு நோட்டில் குட்டியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ‘இன்று வலப்பக்கம் சுலபமாக வளைந்தது, இடப்பக்கம் இறுக்கம், டிராக்டருக்கு மிரளவில்லை’ என்று இரண்டு வரி. போன வாரத்துக் குட்டியோடு இந்த வாரத்துக் குட்டியை ஒப்பிடுங்கள்.

அதே நிறத்தில், அதே தாய்வழியில் தேடி வாங்குவதும் வேண்டாம், அதே பெயரை வைப்பது அதைவிட மோசம். பணம் இருக்கிறவர்கள் குளோனிங் என்னும் படியெடுப்பு வரை போகிறார்கள், 2003-ல் இத்தாலியில் முதல் குதிரையை அப்படிப் பிறக்கவைத்தார்கள். குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம் அவற்றைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை என்பது வேறு கதை. அப்படிப் பிறந்ததற்கும் முகக்கயிற்றிலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்?

மாடுகளிடம் கூட்டிப்போகும்போது நிதானமான பெரிய குதிரை ஒன்று கூட வரட்டும். மந்தையின் பின்னால், மெதுவாகப் போகும் ஒரு கிழட்டுப் பசுவின் பின்னால் விடுங்கள். பசு நகர்ந்தால் குட்டிக்குத் தான் நகர்த்தியதாக ஒரு பெருமை வரும், அதைப் பார்க்க நன்றாக இருக்கும். மே மாதம் கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில் கயிறு வீசும் வேலைக்கு முதல் வருடக் குட்டி வேண்டாம். அதற்கு முன் மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் இழுத்துப் பழகட்டும். கயிற்றைச் சேணக் கொம்பில் முடிச்சுப் போடாமல் ஒரே ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள், மிரண்டால் உடனே விட வேண்டியிருக்கும்.

கேட் விஷயம் பாக்கி. தோள் ஆறியதும் அந்தக் குட்டிக்கு அதைத் தனியாகப் பழக்க ஆரம்பித்தேன். முதல் நாள் கேட்டுக்கு இணையாகக் கொண்டுபோய் நிறுத்தி, கொண்டியைத் தொடாமலே திரும்பி வந்தேன். அப்புறம் சில நாள் ஆட்டி ஓசை மட்டும் காட்டினேன். பக்கவாட்டில் ஒரு அடி எடுத்து வைக்க வேலியோரம் தனியாகப் பழக்கம், ஒரு அடி வந்ததும் காலைத் தளர்த்திவிடுவது. இப்போது கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, கொண்டிக்கு இன்னும் ஒன்றரை அடி இருக்கும்போதே நின்றுவிடுகிறது. நான் இறங்கித் திறக்கிறேன்.