ஜார்ஜியா பல்கலைக்கழகச் சாசனத்தைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் 1785 ஜனவரி 27 அன்று நிறைவேற்றிய பல்கலைக்கழகச் சாசனம் சில பக்கங்களே கொண்டது. ஆயினும் அதை இருமுறை படிக்க வேண்டும்: என்ன சொல்கிறது என்று அறிய ஒருமுறை, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று அறிய மறுமுறை.

தேதியிலிருந்து தொடங்குங்கள். சாசனம் பிறந்த நாளும் பல்கலைக்கழகம் திறந்த நாளும் ஒன்றல்ல. ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் வகுப்புகள் தொடங்கியது 1801-இல்தான். அதற்குள், 1789-இல் சாசனம் பெற்ற வட கரோலினாப் பல்கலைக்கழகம் 1795-இலேயே கதவைத் திறந்துவிட்டது. ‘அமெரிக்காவின் முதல் அரசுப் பல்கலைக்கழகம் எது’ என்ற சர்ச்சை ஓயாமல் நடப்பதற்கு இதுவே காரணம். அந்தச் சர்ச்சையில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அடுத்து முகவுரைக்கு வாருங்கள். நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். வரைந்தவர் ஆபிரகாம் பால்ட்வின், யேல் கல்லூரியில் பயின்று அங்கேயே கற்பித்தவர். சுதந்திர அரசுகளில் ஒழுங்கு என்பது கட்டாயத்தால் அன்றி மக்களின் விருப்பத்தால் அமைவதாலும், மக்களின் பொது விருப்பமே சட்டமாவதாலும், குடிமக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் தக்கவாறு உருவாக்குவதையே அவ்வரசுகளின் வளமும் இருப்பும்கூடச் சார்ந்துள்ளன என்று முதல் வாக்கியம் வாதிடுகிறது. கல்வியைக் கொடையாக அல்லாமல் அரசின் உயிர்த்தேவையாக வைக்கும் இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டால், பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகள் அனைத்தும் பல்கலைக்கழகத்தின் உறுப்புகளே என்று பின்னால் வரும் பிரிவு வியப்பளிக்காது. இதற்கு முந்தைய ஆண்டே பல்கலைக்கழகத்துக்கென 40,000 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிலம் முந்தியது, சாசனம் பிந்தியது.

நிர்வாகக் குழுக்களைப் பற்றிய பிரிவுகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். சமயம் பற்றிய இரு பிரிவுகளை மட்டும் அருகருகே வைத்துப் படியுங்கள். மாற்றுச் சமயக் கருத்துடையவர் என்பதற்காக எவருக்கும் கல்வியை மறுக்கக் கூடாது என்கிறது ஒன்று. கற்பிப்போரும் நிர்வகிப்போரும் கிறித்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது மற்றொன்று. முதற்பிரிவில் ‘எவருக்கும்’ என்ற சொல்லைவிட, அதனுடன் வரும் காரணத்தைக் கவனியுங்கள்: விலக்கப்படும் தடை சமயத் தடை மட்டுமே. நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. கறுப்பின மாணவர் இருவர் முதன்முறையாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 1961-இல், அதுவும் நீதிமன்ற ஆணையின் பேரில்.