பழைய காரின் பக்கக் கண்ணாடி உடைந்தால் முழுசாக மாற்றத்தான் வேண்டுமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனால், என் காரின் இடப்பக்கக் கண்ணாடி முன்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். இடித்தவர் ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. பட்டறையில் காட்டியதும் "முழு செட்டா மாத்திடுங்கண்ணே" என்றார்கள். உடைந்தது உள்ளே இருக்கும் கண்ணாடித் தகடு மட்டும்தான் என்பது வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

கார் 2008-இல் பதிவானது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை 2018-இல் இன்னொரு 10 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 106,000 வெள்ளிக்குப் போனதிலிருந்து, இந்தக் காரை இன்னும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். 10 வயது தாண்டிய காரை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். உடைந்த கண்ணாடியோடு அங்கே போய் நிற்க முடியாது.

முதலில், எது உடைந்தது என்று பாருங்கள்

வெளியே தெரியும் பெயிண்ட் அடித்த மூடி, அதைத் தாங்கும் கூடு, பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிய கண்ணாடி, தட்டை அசைக்கும் மோட்டார். பக்கக் கண்ணாடி என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

கூடு ஆடினால் பயப்படாதீர்கள். இடி பட்டதில் மடிக்கும் மூட்டின் பல்லிலிருந்து நழுவியிருக்கும். இரு கையாலும் பிடித்து மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று உட்கார்ந்தால் அந்த வேலை முடிந்தது. அப்புறம் உள்ளே இருக்கும் சுவிட்சை அழுத்தி மேலே, கீழே, இடம், வலம் அசைத்துப் பாருங்கள். கண்ணாடி அசைந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சத்தம் கேட்டும் அசையாவிட்டால் உள்ளே பற்சக்கரமோ கிளிப்போ போயிருக்கும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

சரியான கண்ணாடியை வாங்குவது

ஊபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கலாம். ஜோகூர் பாருவில் ஹாஃப்கட் கடைகளும், அதாவது பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடைகளும் உண்டு. சேஸி எண்ணையும், உடைந்த கண்ணாடியின் முன்பக்கம், பின்பக்கப் படங்களையும் கையில் வைத்திருங்கள். பின்தட்டோடு சேர்ந்து வரும் கண்ணாடியையே கேளுங்கள்.

கண்ணாடிக் கடையில் வளைவில்லாத தட்டையான கண்ணாடியை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். இடப்பக்கக் கண்ணாடி லேசாகப் புடைத்திருப்பது காரணத்தோடுதான். அந்த வளைவு இருப்பதால்தான் பக்கத்துத் தடம் முழுதும் அதற்குள் அடங்குகிறது. சில கண்ணாடிகளின் ஓரத்தில் 'எஸ்ஆர் 1400' என்பதுபோல் பொடி எழுத்தில் இருக்கும். அது வளைவின் ஆரம், மில்லிமீட்டர் கணக்கில். பழையதில் இருக்கும் எண்ணே புதியதிலும் இருக்கட்டும். காலையில் உட்லண்ட்ஸிலிருந்து புக்கிட் தீமா விரைவுச்சாலையில் வரிசையாக வரும் மோட்டார்சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். வேலைக்குப் போகும் அந்த மனிதர்கள் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதில் பத்து இருபது வெள்ளி மிச்சம் பிடிக்கக் கூடாது.

பழையதைக் கழற்றுவது

கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். விரிசல் மேல் துணி டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் சில்லுகள் சிதறாது. பழைய பிளாஸ்டிக் எளிதில் முறியும், அதனால் ஹேர் டிரையரால் ஓரங்களைச் சுற்றி இரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள்.

கண்ணாடியின் மேல்விளிம்பு உள்ளே போகும்படி சுவிட்சால் சாய்த்துவிட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். இப்போது கீழே விரல் நுழையும் அளவு இடைவெளி கிடைக்கும். அதில் பிளாஸ்டிக் நெம்புகோலை விட்டு, கிளிப் இருக்கும் இடமாகப் பார்த்து மெல்ல நெம்புங்கள். முதல் கிளிப் விடுபடும்போது உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு திக்கென்று இருக்கும். அது விடுபடும் சத்தம்தான். மற்றக் கையால் கண்ணாடியை ஏந்திக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு வயர் இருந்தால் அது சூடேற்றும் வசதிக்கானது. வயரைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்துக் கழற்றுங்கள்.

சில பழைய ஐரோப்பியக் கார்களில் கிளிப்புக்குப் பதில் பூட்டு வளையம் இருக்கும். நெம்பியும் அசையவில்லையென்றால் பலத்தைக் காட்டாமல், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

புதியதை மாட்டுவது

கூட்டுக்குள் கிடக்கும் சில்லுகளை பிரஷ்ஷால் ஒன்று விடாமல் எடுங்கள். என் காரில் சில்லோடு சிலந்திக் கூடும் வந்தது. மோட்டாரின் தலையை நேராக வைத்து, கிளிப்புகளைப் பொருத்தி, மடித்த துண்டை வைத்து உள்ளங்கையால் நடுவில் அழுத்துங்கள். ஓரத்தில் அழுத்தினால் புதுக் கண்ணாடியும் போய்விடும். எல்லாக் கிளிப்பும் 'டக்' சொன்னதும் லேசாக இழுத்துப் பாருங்கள்.

பின்தட்டு நன்றாக இருந்து கண்ணாடியை மட்டும் ஒட்டுவதானால், ஆல்கஹாலால் துடைத்துவிட்டு 3எம் விஎச்பி என்ற இருபக்கமும் ஒட்டும் டேப் பயன்படுத்தலாம். ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் மட்டும் வேண்டாம். அது கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடும்.

கூடே உடைந்திருந்தால் முழு செட்தான். கதவின் உள்பக்கம் முக்கோண மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் மூன்று நட்டுகள் தெரியும். அவற்றைத் தொடும் முன் கீழே இருக்கும் துளையில் பழைய துணியைத் திணித்துவிடுங்கள். நட்டு கதவுக்குள் விழுந்தால் அரை நாள் போய்விடும். கடைசி நட்டைக் கழற்றும்போது வெளியே ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

முடித்ததும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, உங்கள் கார் ஒரு விரல் அகலத்துக்குத் தெரியும்படி கண்ணாடியைத் திருப்புங்கள். பிறகு ஒருவரைப் பின்னாலிருந்து பக்கத்துத் தடம் வழியாக நடந்துவரச் சொல்லுங்கள். நான் என் மகளை நடக்கவைத்தேன். கண்ணாடியிலிருந்து அவள் மறைந்த அதே நொடியில் ஜன்னலோரம் அவள் தோள் தெரிந்தது. அப்புறம்தான் டேப்பையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்து வைத்தேன்.