மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போக, முதலில் ரயில்!

சபாக்களின் (கச்சேரி நடத்தும் சங்கங்களின்) நிகழ்ச்சிப் பட்டியல் வரட்டும் என்று காத்திருக்காமல், மதுரையிலிருந்து ரயில் டிக்கெட்டை முதலில் போட்டுவிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே, காலை 8 மணிக்குத் திறக்கும். டிசம்பர் 20 பயணத்துக்கு அக்டோபர் 21. அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்வதால் பாண்டியன், வைகை இரண்டும் சீக்கிரம் நிரம்பிவிடும். பாடகர்களோ ஒரே சீசனில் பல சபாக்களில் பாடுவார்கள். ஒரு நாள் தவறினாலும் மயிலாப்பூரிலோ தி.நகரிலோ இன்னொரு நாள் கேட்கலாம். பகல் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம் (கேன்டீன் செலவு தனி, அதைத் தவிர்க்கவும் கூடாது!). காலையில் இறங்கி அன்றிரவே திரும்பினால் அறை வாடகையும் மிச்சம். குறிப்பிட்ட ஒருவரின் மாலைக் கச்சேரிதான் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. இரவு ரயிலைப் பிடிக்க, கச்சேரியின் கடைசியில் வரும் சிறு பாடல்களான துக்கடாவுக்கு முன்பே எழுந்து ஓட வேண்டியிருக்கும்.