மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குதலிலிருந்து காக்கும் பயிற்சி: எங்கே தொடங்குவது?

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியில் இருந்தபோதே கத்தியால் குத்தப்பட்டார். அங்கே சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன் கைது செய்யப்பட்டார். மெட்டல் டிடெக்டரும் கேமராவும் வேண்டியவைதான். ஆனால் தகராறு தொடங்கும் நேரத்தில் எதிரே நிற்பது நர்ஸும் செக்யூரிட்டியும்தான். பயிற்சி அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். சிறிய மருத்துவமனையும் இதைச் செய்யலாம்.

1. இரவுப் பணியாளர்களுடன் சுற்றி வாருங்கள்

எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். எரியாத விளக்கு, தாழ்ப்பாள் இல்லாத ஓய்வறை, ஆள் நடமாட்டமில்லாத மாடிப்படி எல்லாம் அவர்களுக்குத் தெரியும். டியூட்டி டாக்டரின் நாற்காலியைக் கவனியுங்கள். பல அறைகளில் அது சுவரோரம் இருக்கும்; வாசலை மறித்து உறவினர்கள் நிற்பார்கள். மேசையைத் திருப்பிப் போட்டு, மருத்துவர் எழுந்தவுடன் வெளியேற வழி செய்யுங்கள். செலவே இல்லாத வேலை இது.

2. பேசக் கற்றுக்கொடுங்கள்

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். ஐசியூ வாசலில் மணிக்கணக்காக நிற்பவரிடம் யாரும் எதுவும் சொல்லாதபோதுதான் பதற்றம் கோபமாகிறது. “வெளியே போங்கள்” என்பதற்குப் பதிலாக, “அண்ணா, டாக்டர் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் நானே வந்து சொல்கிறேன்” என்று சொல்லப் பழக்குங்கள். சொன்ன நேரத்துக்குப் போயே ஆக வேண்டும், புதிய செய்தி இல்லாவிட்டாலும். மரணச் செய்தியை மூத்த மருத்துவர், உடன் ஓர் ஊழியரோடு, தனி அறையில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அதைப் பயிற்சி மருத்துவரின் தலையில் கட்டுவது அநியாயம்.

3. விலகும் நேரத்தைச் சொல்லிக்கொடுங்கள்

குரல் உயர்வது, முஷ்டி இறுகுவது, குறுக்கும் நெடுக்கும் நடப்பது, கைப்பேசியில் ஆட்களைத் திரட்டுவது ஆகியவை அறிகுறிகள். இரண்டு கை தூரம் தள்ளி, வாசல் பக்கமாக நிற்க வேண்டும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கக் கூடாது. பிடித்து இழுக்க அது போதும். உதவிக்கு அழைக்க எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறிச்சொல் இருக்கட்டும். கை ஓங்கினால் வாதம் வேண்டாம். விலகி வந்து 112-ஐ அழையுங்கள்.

4. ஒத்திகை

ஓர் ஊழியர் கோபக்கார உறவினராக நடிக்கட்டும். குறிச்சொல் கேட்டதும் யார் ஓடி வருகிறார்கள், மற்ற நோயாளிகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், காவல்துறையை யார் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். துப்புரவுப் பணியாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. நடந்துவிட்டால்

முதலில் காயத்துக்குச் சிகிச்சை, அதற்கான சான்று. கேமராப் பதிவு அழிவதற்குள் பிரதி எடுங்கள். தமிழகத்தில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோர் மீது நடவடிக்கை எடுக்க 2008-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. அதன்படி இது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். மத்திய அரசு மருத்துவமனைகளில் 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு என்று 2024 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. தனியார் நிர்வாகமும் அதையே பின்பற்றலாம். அடிபட்ட நர்ஸைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பாதீர்கள். புகாரை நிர்வாகமே கொடுக்கட்டும். “நீ என்ன பேசினாய்?” என்று அவரிடம் முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அன்றைய ஷிஃப்டுக்கு வேறு ஆளைப் போட்டு, அவரை வீடுவரை கொண்டுபோய் விடுங்கள்.