நிற்பவனிடம் இருக்கும் வெட்டைப் பிடுங்காதீர்கள்: நகர்வுக்கு வீட்டு விதி போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறு மாலைகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், 2014 பதிப்பு. ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிச் சாகசம் செய்யும் கற்பனை ஆட்டம் அது. சார்ட் பேப்பரில் ஓர் அங்குலக் கட்டம், கட்டத்துக்கு 5 அடி. வீரர்களுக்குச் சோழி, எதிரிகளுக்குப் புளியங்கொட்டை. ஆட்டத்தை நடத்துவது நான். இத்தனை நாளில் நான் போட்ட வீட்டு விதிகளில் (புத்தக விதியை நாமே மாற்றிக்கொள்வது) ஆட்டத்தை அதிகம் கெடுத்தவை நகர்வைப் பற்றியவைதான். புதிதாக மேசை நடத்துகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கை எடுத்துவிடுவது. எங்கள் திண்ணையில் அதற்கு 'ஓசி வெட்டு' என்று பெயர். உங்கள் கைக்கெட்டும் தூரத்தை விட்டு ஓர் எதிரி வெளியே போனால், ரியாக்ஷனை (எதிர்வினை வாய்ப்பை) செலவழித்து ஒரு முறை வெட்டலாம். எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு ரவுண்டு, அதற்கு ஒரு ரியாக்ஷன்தான். இந்த வெட்டுக்குப் பயந்து எல்லோரும் முதல் ரவுண்டில் நின்ற இடத்திலேயே வேர்விட்டு நிற்கிறார்கள், சண்டை குட்டையாய்த் தேங்குகிறது என்று நானும் அதை நீக்கினேன்.

அடுத்த சண்டை ஒரு மதகின் மேல். ஃபைட்டர், அதாவது வாள்வீரன், மதகை மறித்து நிற்கிறான், அவனுக்குப் பின்னால் மந்திரவாதி. நான்கு காப்ளின்கள் (குள்ள அரக்கர்கள்) பக்கவாட்டில் இறங்கி, ஃபைட்டரை உரசிக்கொண்டே ஓடி மந்திரவாதியைச் சூழ்ந்துகொண்டன. அந்த ஃபைட்டரை ஆடிய தம்பி நான்காம் லெவலில் சென்டினல் எடுத்திருந்தான். ஓசி வெட்டு பட்டவுடன் எதிரியின் வேகம் பூஜ்யமாகும் திறன் அது. பகடையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, அப்ப நான் இங்க எதுக்கு நிக்கிறேன்?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

ஆடுபுலி ஆட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு யாரையும் வெட்டாது, வழியை அடைத்து நிற்பது மட்டுமே அதன் பலம். முன்னால் இருக்கும் ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. 'இரண்டையும் சேர்த்துத் தாண்டலாம்' என்று விதியை மாற்றிப் பாருங்கள், ஆடு வைத்திருப்பவருக்கு அத்தோடு ஆட்டம் முடிந்தது. நிற்பவனுக்குக் கொஞ்சம் வலு இருக்கும்வரைதான் நகர்பவனின் சாமர்த்தியத்துக்கு மதிப்பு.

அந்தச் சாமர்த்தியத்துக்கு விலை கொடுத்தவர்களையும் நினைக்க வேண்டும். ரோக் என்ற தந்திரக்காரர் இரண்டாம் லெவலில் பெறும் கன்னிங் ஆக்ஷன், டாஷையும் (கூடுதல் ஓட்டம்) டிஸ்எங்கேஜையும் (வெட்டுப்படாமல் விலகுவது) போனஸ் ஆக்ஷனாக, அதாவது வழக்கமான ஆக்ஷன் போகாமல், செய்ய விடுகிறது. மாங்க் என்ற துறவி வீரர் அதையே செய்ய ஒரு கீ (உள்சக்தி) புள்ளி தருகிறார். மொபைல் என்ற திறனை எடுத்தவர், சென்டினல் போன்ற ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) வாய்ப்பையே அதற்குக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் வெட்டுப்படாமல் விலகலாம் என்றால், இவர்கள் டிக்கெட் எடுத்து ஏறிய பேருந்தில் மற்றவர்களை இலவசமாக ஏற்றுகிறோம்.

சண்டை தேங்குகிறது என்ற குறை உண்மையானதுதான். அதற்கு முதல் மருந்து கணக்கு. இருபது பக்கப் பகடையில் விழுவதோடு தாக்குதல் எண்ணைக் கூட்டினால் கவச எண்ணை எட்ட வேண்டும். காப்ளினின் தாக்குதல் +4, கவசம் 18 இருக்கும் ஃபைட்டரை அது தொட 14 அல்லது மேலே விழ வேண்டும். அதாவது 35 சதவீத வாய்ப்பு, பட்டால் சராசரியாக 5 புள்ளி சேதம். இதைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் ஃபைட்டர் பயப்படாமல் நகர்கிறான். கவசம் 12 இருக்கும் மந்திரவாதிக்கு அதுவே 65 சதவீதம். அவர் பயப்படுவது நியாயம், டிஸ்எங்கேஜ் இருப்பதும் அதற்காகத்தான். இரண்டாவது மருந்து, நகரக் காரணம் கொடுப்பது. மதகுப் பலகை திறந்திருக்கட்டும், ஒவ்வொரு ரவுண்டும் ஒரு வரிசைக் கட்டத்தைத் தண்ணீர் விழுங்கட்டும். யாரும் நின்ற இடத்தில் நிற்க மாட்டார்கள்.

இன்னொரு தவறு, வேறு பதிப்பின் நினைவை வீட்டு விதியாக்குவது. "ஒரு கட்டம் மட்டும் நகர்ந்தா வெட்டு கிடையாது" என்று பலர் சொல்வது மூன்றாம் பதிப்பின் ஐந்தடி நகர்வு. அங்கே முழுத் தாக்குதலும் செய்ய வேண்டுமானால் அதற்கு மேல் நகர முடியாது, அதனால் அது தேவைப்பட்டது. நம் பதிப்பில் ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் நடுவிலேயே நடக்கலாம். பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் ஓசி வெட்டு எல்லோருக்கும் இல்லை என்று காட்டுபவர்கள், அங்கே நகர்வதற்கே மூன்று ஆக்ஷனில் ஒன்று போகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். ஒரு வண்டியின் அச்சாணியைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் பொருந்தாது.

சேற்றுக்கு வருகிறேன். டெல்டாக்காரர்கள் வரைபடம் போட்டால் வயல் வராமல் இருக்காது, வயல் வந்தால் முழுவதையும் கடினத் தரை (நடக்கச் சிரமமான தரை) ஆக்கிவிடுவோம். கணக்கைப் பாருங்கள். வயலின் அகலம் 60 அடி. சேற்றில் ஒவ்வோர் அடிக்கும் இரண்டடி செலவு, ஆகவே 30 அடி வேகமுள்ள ஃபைட்டர் நடந்து கடக்க நான்கு ரவுண்டு, டாஷ் போட்டால் இரண்டு. மிஸ்டி ஸ்டெப் மந்திரம் வைத்திருக்கும் மந்திரவாதி 30 அடியை மாயமாகத் தாண்டி, மீதியை நடையும் டாஷுமாக ஒரே ரவுண்டில் முடித்துவிடுவார். நாம் போட்ட சேறு வாள் பிடித்தவனை மட்டும் தண்டிக்கிறது.

ஆகவே வரப்பை வரையுங்கள். ஒரு கட்ட அகலம், சாதாரணத் தரை. நடுவே 10 அடி வாய்க்கால் விடுங்கள். 10 அடி ஓடி வந்து குதிப்பவர் தம் ஸ்ட்ரெங்த் (வலிமை எண்) எத்தனையோ அத்தனை அடி தாண்டலாம். சேற்றில் போய் இறங்கினால் சமநிலைக்கு அக்ரோபேட்டிக்ஸ் பகடை உருட்டி 10 எட்ட வேண்டும், தவறினால் விழுந்தார், எழுந்திருக்கப் பாதி வேகம் போகும். இவ்வளவும் புத்தகத்திலேயே இருக்கும் விதிகள். நடவு முடிந்த வயலும் தை அறுப்பு முடிந்து தாள் நிற்கும் வயலும் ஒன்றல்ல, இரண்டாவதற்குக் கடினத் தரை வேண்டியதில்லை.

தள்ளிவிடப்பட்டவர் மீதும் ஓசி வெட்டு உண்டு என்று விதி போடாதீர்கள். ஒரு தண்டர்வேவ் மந்திரம் நான்கு பேரைத் தள்ளினால், சுற்றி நிற்கும் கூட்டாளிகள் எல்லோருக்கும் வெட்டு கிடைத்துவிடும். மூலைவிட்டமாக நகரும் கட்டங்களை 5, 10, 5 அடி என்று எண்ணுவதா எல்லாம் 5 என்பதா என்று மணிக்கணக்கில் வாதாட வேண்டாம். எதை எடுத்தாலும் புளியங்கொட்டைக்கும் அதே கணக்கு இருந்தால் போதும்.

சண்டை நடக்கும்போது விதியை மாற்றவே மாற்றாதீர்கள். நாங்கள் புது விதியை சார்ட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, மூன்று வாரம் ஆடிப் பார்த்த பிறகுதான் பேனாவால் எழுதுகிறோம். அந்த விதியால் யாருடைய திறனாவது வீணாகிறது என்றால், அன்றைக்கே அவர் அதை விட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். சென்டினல் தம்பியிடமும் கேட்டேன். மாற்ற வேண்டாம், ஓசி வெட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றான். கொடுத்துவிட்டேன்.