சான்றிதழ்ப் பிழை வந்தால் சரிபார்ப்பை அணைக்காதீர்கள்

சிங்கப்பூரில் இப்போது சின்னக் கடைக்கு எழுதும் மென்பொருளும் வெளிச்சேவை ஒன்றோடு பேச வேண்டியிருக்கிறது. கணக்கு மென்பொருள், இன்வாய்ஸ்நவ் என்ற மின்விலைப்பட்டியல் வலையமைப்பின் சேவை வழங்குநரது ஏபிஐயை (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்) கூப்பிடுகிறது, சம்பள மென்பொருள் வங்கியைக் கூப்பிடுகிறது. எல்லாம் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை வழியாகத்தான். முதல் முறை இணைக்கும்போது, சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று செயலி நின்றுவிடலாம். அந்த நேரத்து அவசரம்தான் பெரிய தவறுகளுக்கெல்லாம் காரணம்.

முதல் தவறு, சரிபார்ப்பையே அணைத்துவிடுவது. பைத்தானில் 'வெரிஃபை' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் பிழை உடனே போய்விடும். தரவு அப்போதும் மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகும். ஆனால் யாருக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. நடுவில் ஒருவன் தன் சான்றிதழை நீட்டினாலும் செயலி ஏற்றுக்கொண்டு, ஊழியர்களின் வங்கிக் கணக்கு எண்களை அவனிடமே கொடுத்துவிடும். சோதனைக்காக மட்டும் என்று எழுதிய அந்த வரி நேரலைக்கும் போய்விடுகிறது. இதற்கு விதிவிலக்கே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிரவுசரில் திறக்கிறதே, செயலியில் ஏன் திறக்கவில்லை என்று பலரும் குழம்புகிறார்கள். செயலி ஏற்கனவே நம்பும் மூலச் சான்றிதழோடு சர்வரின் சான்றிதழை ஒரு சங்கிலியாக இணைப்பது இடைநிலைச் சான்றிதழ். பெரும்பாலும் சர்வர் அதை அனுப்பாததுதான் காரணம். குரோம் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஜாவாவும் பைத்தானும் வழக்கமாக அப்படித் தேடுவதில்லை. ஓபன்எஸ்எஸ்எல் கருவியால் சர்வர் அனுப்பும் சங்கிலி முழுவதையும் பாருங்கள். கண்ணி விட்டுப்போயிருந்தால் அதைச் சேர்க்க வேண்டியவர்கள் சேவை நடத்துபவர்கள். அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

சங்கிலியில் வழங்கியவர் பெயராக உங்கள் நிறுவனத்தின் பெயரே இருந்தால் கதை வேறு. அலுவலக பிராக்ஸி, அதாவது இணையப் போக்குவரத்துக்கு நடுவில் நிற்கும் சர்வர், இணைப்பைப் பிரித்துப் பார்க்கிறது. அதன் மூலச் சான்றிதழ் விண்டோஸில் இருப்பதால் பிரவுசர் முணுமுணுக்காது. ஜாவாவோ 'சிஏசெர்ட்ஸ்' என்ற தன் சொந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். ஐடி பிரிவிடம் அந்த மூலச் சான்றிதழை வாங்கிச் சேர்ப்பதே வழி.

சேர்க்கும்போதும் கவனம் வேண்டும். சர்வரின் சான்றிதழையே டிரஸ்ட் ஸ்டோரில் (செயலி நம்பும் சான்றிதழ்களின் பட்டியல்) போட்டால் இன்று வேலை செய்யும், அது புதுப்பிக்கப்படும் நாளில் அறுந்துவிடும். பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் உச்சவரம்பு 2020 செப்டம்பரிலிருந்து 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள். அதன்பின் படிப்படியாகக் குறைந்து, 2029 மார்ச் 15 முதல் 47 நாள்தான். ஆகவே, வழங்கிய அமைப்பின் மூலச் சான்றிதழையே நம்புங்கள். ஜாவாவோடு வரும் சிஏசெர்ட்ஸ் கோப்பில் கை வைத்தால் அடுத்த பதிப்பேற்றத்தில் மாற்றம் காணாமல் போகலாம். தனிக் கோப்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது இயல்பான பட்டியலோடு சேராமல் அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும். மற்ற சேவைகளுக்கு வேண்டிய மூலச் சான்றிதழ்களும் அதில் இருக்கட்டும்.

பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்து இணைப்பதும் தவறு. சான்றிதழில் அந்த முகவரி இல்லாவிட்டால் சரிபார்ப்பு தோற்கும்.

சில சேவைகள் உங்கள் செயலியிடமும் சான்றிதழ் கேட்கும். அதற்கான தனிச்சாவி (நீங்கள் மட்டும் வைத்திருக்கும் ரகசியச் சாவி) கீ ஸ்டோரில், அதாவது செயலியின் சொந்தச் சாவியும் சான்றிதழும் இருக்கும் கோப்பில், இருக்க வேண்டும். டிரஸ்ட் ஸ்டோரில் போட்டால் பயனில்லை. சாவியை உங்கள் சர்வரிலேயே உருவாக்கி, சான்றிதழ்க் கோரிக்கையை மட்டும் வெளியே அனுப்புங்கள். சாவி மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ நிரல்களைச் சேமிக்கும் கிட்டிலோ போயிருந்தால், அது களவு போனதாகவே கருதி மாற்றிவிடுங்கள்.

சான்றிதழின் காலாவதி நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டிருக்கும். 30ஆம் தேதி இரவு 23:59:59 என்றிருந்தால், சிங்கப்பூரில் அது மறுநாள் காலை 7:59:59. அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணைப்பு விழும். ஒரு மாதம் முன்பே எச்சரிக்கை வரும்படி அமையுங்கள். புதிய கோப்பை வைத்தால் மட்டும் போதாது: பல செயலிகள் தொடங்கும்போது மட்டுமே சான்றிதழைப் படிக்கும். மறுதொடக்கம் செய்து, புதிய காலாவதித் தேதியுடன் இணைகிறதா என்று பாருங்கள்.